ராஜினாமா பட்டனை அழுத்துவதற்கு முன்

சென்னையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 37. பழைய மகாபலிபுரம் சாலையில் ஹெல்ப்டெஸ்க் (வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும்) மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 11 வருடம் 4 மாதமாக வேலை. மூன்று வருடமாக டீம் லீட். மாதச் சம்பளம் 85,000 ரூபாய், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 50,000. போன வருடம் ஏ.ஐ. பாட் வந்தது. 22 பேர் இருந்த குழு இப்போது 7 பேர். இரண்டு வாரத்துக்கு முன் ஹெச்.ஆர். இவரை மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, “போர்ட்டலில் நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, காரணத்தில் ‘பெர்சனல்’ என்று தேர்வு செய்யுங்க, மூன்று மாதச் சம்பளம் தருகிறோம்” என்றிருக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. கையெழுத்துக்காகக் காட்டிய ஒரு தாளில் மட்டும், 2,55,000 ரூபாய் ‘அனைத்துப் பாக்கிகளும் உட்பட’ என்று இருந்திருக்கிறது.

இதே நேரத்தில் கல்லூரி நண்பர் ஒருவர் கூப்பிடுகிறார். அவர் ஏழு மாதத்துக்கு முன் ஒரு கம்பெனி பதிவுசெய்திருக்கிறார். மருத்துவமனைக்கு வரும் போன்களைத் தமிழிலேயே எடுத்துப் பேசி, அப்பாயின்ட்மென்ட் போட்டுத் தரும் ஏ.ஐ. பாட் செய்கிறாராம். இந்தச் சகோதரி 12 லட்சம் போட்டால் இணை நிறுவனர் பதவி, 4 சதவீதப் பங்கு; எட்டு மாதம் சம்பளம் கிடையாது. ‘கம்பெனி மதிப்பே 3 கோடி’ என்கிறார் நண்பர். முன்பணமாக 2 லட்சத்தை அவருடைய ஜிபே நம்பருக்கு ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. கணவர் வேண்டாம் என்கிறார். பழைய ஆஃபர் லெட்டரில், வேலையை விட்டு ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது, மீறினால் 5 லட்சம் என்று ஒரு ஷரத்து வேறு இருக்கிறது.

“கையெழுத்துப் போடாவிட்டால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தரமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படியும் மூன்று வருடத்தில் என் மாதிரி ஆட்கள் யாருக்கும் தேவைப்படப் போவதில்லை. நான் என்ன செய்வது?” இது அவர் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன: வேலையை விடுவது, நண்பரிடம் சேர்வது, பணம் போடுவது. மூன்றையும் ஒரே வாரத்தில் முடிவுசெய்ய வேண்டும் என்று உங்களை நம்பவைத்திருப்பது சட்டம் அல்ல, பயம். முதலில் பிரித்துப் போட்டுக்கொள்வோம்.

அந்த பட்டனை அழுத்தாதீர்கள்

ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு. ‘பெர்சனல் ரீசன்’ என்று நீங்களே தேர்வுசெய்து அழுத்திவிட்டால், பதிவேட்டில் நீங்களாக விலகியவர். பிறகு ‘கட்டாயப்படுத்தினார்கள்’ என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டனை அழுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கப்புறம் நான் செய்யக்கூடியது குறைந்துவிடுகிறது.

இப்போது அந்த 2,55,000 ரூபாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உங்கள் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, எவ்வளவு என்று கணக்குப் போட்டீர்களா? பேசிக் 50,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 11 வருடத்தால் பெருக்குங்கள். சுமார் 3,17,000 ரூபாய் வருகிறது. கிராஜுவிட்டி மட்டுமே அவர்கள் தருவதாகச் சொல்லும் மொத்தத் தொகையைவிட அதிகம்! ‘அனைத்துப் பாக்கிகளும் உட்பட’ என்ற வரி தெரியாமல் எழுதப்பட்டதா, தெரிந்தே எழுதப்பட்டதா என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் கிராஜுவிட்டி சட்டம் கொடுத்த உரிமை. ஒப்பந்தம் போட்டு அதை உங்களிடமிருந்து எழுதி வாங்க முடியாது.

அடுத்தது ஆட்குறைப்பு இழப்பீடு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன்படி ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருகிற ஒருவரை ஆட்குறைப்பு செய்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அது போக மறுபயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் ஊதியம். பேசிக்கை மட்டும் வைத்துப் பார்த்தாலே இழப்பீடு 2,75,000 வரும். பொதுவாக அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். வேறு யாரையாவது அனுப்பினால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். மீதமிருக்கும் ஏழு பேரில் நான்கு பேர் இரண்டு வருட அனுபவக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறக்காமல் குறித்து வையுங்கள்.

சரி, நீங்கள் ‘தொழிலாளி’யா? டீம் லீட் என்பதால் இல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அவசரம். நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மாதம் 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரையறைக்கு வெளியே என்பது உண்மை. ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து நீதிமன்றம் முடிவுசெய்வதில்லை. நாள் முழுக்க நீங்கள் முக்கியமாக என்ன செய்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். ‘ஒரு நாளில் 60 டிக்கெட்டாவது (வாடிக்கையாளர் புகார்) நானே முடிப்பேன், லீவுக்கு ஒப்புதல் தருவது, இன்க்ரிமென்ட் போடுவது எல்லாம் மேனேஜர்தான்’ என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் பக்கம் வாதாட விஷயம் இருக்கிறது. ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் வைக்கும் உரிமை உண்டு என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஜெயிப்பீர்கள் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இதே கணக்கைப் போடுவார் என்பதால் பேரம் பேச இது போதும்.

எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் பயம் பற்றி. 11 வருட பி.எஃப். பதிவு, படிவம் 16, சம்பளச் சீட்டு எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போது, அந்த ஒரு கடிதத்தைப் பிடித்து வைத்து உங்கள் அனுபவத்தை மறைத்துவிட முடியாது. ஹெச்.ஆருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள். எப்படியும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சாரம் இவ்வளவுதான்:

“இந்தத் தேதியில் நடந்த மீட்டிங்கில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. வேலையைத் தொடர விரும்புகிறேன். என் பணியிடம் நீக்கப்படுகிறது என்றால் அதற்கான காரணத்தையும், நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு, கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் ஆகியவற்றின் தனித்தனிக் கணக்கையும் எழுத்தில் தரவும்.”

கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்கள் வேண்டாம், மூன்று பக்கம் வேண்டாம். அந்த மெயிலின் நகலை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பிக்கொள்ளுங்கள். ஒருவேளை அவர்களே உங்களை நீக்கி உத்தரவு கொடுத்தால், அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, ஆனால் காலக்கெடு குறைவு.

எல்லாம் முடிந்து நல்ல தொகைக்குச் சம்மதித்து வெளியே வருவதிலும் தப்பில்லை. பலருக்கு அதுதான் சரியாக அமைகிறது. நான் சொல்வதெல்லாம், கிராஜுவிட்டியைத் தனியாக வைத்துவிட்டு மீதிக்குப் பேரம் பேசுங்கள் என்பதுதான்.

‘மூன்று வருடத்தில் யாரும் தேவையில்லை’

இது உங்கள் நண்பரின் வாக்கியம் என்று நினைக்கிறேன். பாதி உண்மை. அமெரிக்க மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸின் தலைவர், தங்கள் சேவைப் பிரிவு 9,000 பேரிலிருந்து சுமார் 5,000 பேராகக் குறைந்தது என்று 2025-ல் வெளிப்படையாகச் சொன்னார். மறுபக்கம், ஸ்வீடனின் நிதிச் சேவை நிறுவனமான கிளார்னா, தங்கள் பாட் 700 பேர் வேலையைச் செய்கிறது என்று 2024-ல் அறிவித்தது. அடுத்த வருடமே தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தது.

உங்கள் அலுவலகத்தில் நடப்பதற்கு பாட்டின் புத்திசாலித்தனம் மட்டும் காரணம் அல்ல என்பது என் ஊகம். உங்கள் நிறுவனம் ‘சீட்’ கணக்கில் மென்பொருள் விற்கிறது. ஒரு வாடிக்கையாளர் கம்பெனியில் 40 ஏஜென்ட் இருந்தால் 40 சீட்டுக்கு மாதாமாதம் பணம். அங்கேயும் பாட் வந்து ஏஜென்ட் 15 பேராகக் குறைந்தால், உங்கள் நிறுவனத்துக்கு வருமானமும் 15 சீட்டுக்குத்தான். அதனால்தான் இந்தத் துறையே இப்போது விலை போடும் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் இன்டர்காம் நிறுவனத்தின் ஃபின் பாட், தீர்த்துவைத்த ஒரு கேள்விக்கு 99 சென்ட் என்று கட்டணம் போட்டது. அதாவது உங்கள் முதலாளியும் பயத்தில்தான் இருக்கிறார். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. நீங்கள் ஓடிப்போய்ச் சேரப்போகும் இடமும் இதே விலை நெருக்கடிக்குள்தான் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

4 சதவீதம் எதற்கு?

நண்பரின் கணக்கை அவர் சொன்ன எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். கம்பெனி மதிப்பு 3 கோடி. நீங்கள் போடுவது 12 லட்சம். 3 கோடியில் 12 லட்சம் எத்தனை சதவீதம்? சரியாக 4.

கவனித்தீர்களா? அந்த 4 சதவீதத்தை நீங்கள் முழு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். எட்டு மாதம் சம்பளமில்லாமல் உழைக்கப்போகிறீர்களே, இப்போதைய சம்பளப்படி அது 6,80,000 ரூபாய். அதற்கு ஒரு பங்குகூட இல்லை. ‘இணை நிறுவனர்’ என்ற பெயர் மட்டும்தான் கூலி. நண்பர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரும் கணக்குப் போடாமலே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் அவரிடம் நேரில் கேட்க வேண்டும்.

அந்த 3 கோடி எங்கிருந்து வந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். வெளியிலிருந்து யாராவது அந்த மதிப்பில் பணம் போட்டிருக்கிறார்களா, அல்லது அவரே சொன்னதா? மதிப்பு என்பது கையிருப்பு அல்ல. லண்டனில் இருந்த பில்டர்.ஏ.ஐ. நிறுவனத்தில் மைக்ரோசாஃப்டே முதலீடு செய்திருந்தது. ஒரு காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட அந்தக் கம்பெனி 2025-ல் திவாலானது. இல்லாத ஏ.ஐ.யை இருப்பதாக விளம்பரம் செய்ததற்காக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்களுக்கு மொத்தம் 4 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆகவே ‘ஏ.ஐ. என்று சொன்னாலே முதலீடு வரும்’ என்று நண்பர் சொல்வதைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ‘ஐந்து மருத்துவமனை சைன் பண்ணிட்டாங்க’ என்கிறாரே, அந்த ஐந்துக்கும் இன்வாய்ஸும், பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டும் காட்டச் சொல்லுங்கள். இலவசமாகப் போட்டுப் பார்க்கிற மருத்துவமனை வாடிக்கையாளர் அல்ல.

இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு நோயாளி மூன்று நிமிடம் தமிழில் பேசினால் கம்பெனிக்கு எவ்வளவு செலவாகிறது? பதிலை உருவாக்கும் அடிப்படை ஏ.ஐ. மாடல் அவருடையது இல்லை, இன்னொரு நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்குகிறார். அதில் தவறில்லை, முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் பேச்சை எழுத்தாக்க ஒரு காசு, மாடலுக்கு ஒரு காசு, திரும்பப் பேச்சாக்க ஒரு காசு, போன் லைனுக்கு ஒரு காசு. தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிடப் பொதுவாக அதிக டோக்கன் (மாடல் எழுத்தை நறுக்கி எண்ணும் துண்டு) செலவாகும் என்பதும் சேர்த்தி. பதினொரு வருடம் டிக்கெட் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டியவர் நீங்கள். இந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலிருந்தே உங்களுக்கு முக்கால்வாசி புரிந்துவிடும்.

ஜிபேயில் போன 2 லட்சம்

இதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. ஒருவருடைய சொந்த நம்பருக்கு அனுப்பிய பணம் கம்பெனியில் முதலீடு ஆகாது. இன்றைய நிலையில் அது நண்பருக்கு நீங்கள் கொடுத்த கைமாற்று, அதுவும் எழுத்தில் இல்லாத கைமாற்று.

‘2024-ல் ஏஞ்சல் டாக்ஸை எடுத்துட்டாங்க, இப்ப பேப்பர் வேலையே கிடையாது’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் போட்டுக் குழப்புகிறார். எடுத்தது, பங்கை அதிக விலைக்கு விற்கும் கம்பெனி மீதான வருமான வரியை. பங்கு ஒதுக்கும் நடைமுறை அப்படியே இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 42-வது பிரிவின்படி பங்கு வாங்க அழைத்து உங்கள் பெயருக்கு ஒரு ஆஃபர் கடிதம் வர வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனியின் தனி வங்கிக் கணக்குக்குப் பணம் போக வேண்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டி. ரொக்கமாக வாங்கவே கூடாது. தனி ஆளின் ஜிபேயில் போட்ட பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

பங்கு வேண்டாம், ‘கன்வெர்டிபிள் நோட்’ (பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் கடன் பத்திரம்) போட்டுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப் மட்டுமே அதை வாங்கலாம். ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் இருக்க வேண்டும். உங்கள் 12 லட்சம் அதில் அடங்காது. சாதாரணக் கடனாகக் கொடுத்தாலோ, பங்குதாரரும் இயக்குநரும் அல்லாத ஒருவரிடம் வாங்கிய ‘டெபாசிட்’ என்று கம்பெனிக்கே சிக்கல். ‘அப்படின்னா டைரக்டர் ஆகிடு’ என்பார். ஆனால் இயக்குநர் ஆனால் கம்பெனி கட்டாத டி.டி.எஸ்., பி.எஃப். பாக்கிக்கெல்லாம் உங்கள் வீட்டு வாசலுக்கும் நோட்டீஸ் வரும். கணவர் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே அந்த 2 லட்சத்தைத் திருப்பிக் கேளுங்கள். முடியாது என்றால், வாங்கிய தேதியையும் திருப்பித் தரும் தேதியையும் போட்டு ஒரு புரோநோட்டாவது எழுதி வாங்குங்கள். மீதி 10 லட்சத்தை இப்போது அனுப்ப வேண்டாம்.

பணம் போடாமல் அவரோடு வேலை செய்ய வழியே இல்லையா? இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆறு மாதம் சம்பளத்துக்கு வேலை செய்யுங்கள், குறைந்த சம்பளமாக இருந்தாலும் சரி. விட்டுக்கொடுக்கும் சம்பளத்துக்கு ஈடாக ஈசாப், அதாவது சொன்ன விலையில் பிறகு பங்கு வாங்கும் உரிமை, கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ‘உனக்கு 4 பர்சென்ட்’ என்று வந்த மெசேஜ் ஈசாப் ஆகாது. கம்பெனியின் தீர்மானமும், அந்த உரிமையைத் தரும் கடிதமும் (கிராண்ட் லெட்டர்) வேண்டும். கிராண்ட் தேதியிலிருந்து ஒரு வருடமாவது கழித்துத்தான் அது உங்கள் உரிமையாகும். பங்காக மாற்றும் அன்றே, கையில் காசு வராவிட்டாலும், சம்பள வரி விழும். ஸ்டார்ட்-அப்களில் சிலவற்றுக்கு மட்டும் அந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. நண்பருடையது அதில் சேருமா என்று அவருடைய ஆடிட்டரிடம் கேளுங்கள். 2021-ல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நண்பரும் சொல்லியிருப்பார். அவர்கள் அத்தனை பேர் கையிலும் தாள் இருந்தது.

அந்த ஒரு வருடத் தடையும், உங்கள் டிரைவில் இருக்கும் கோப்பும்

நீங்கள் பயப்படுகிற ஷரத்துக்கு அவ்வளவு பல் கிடையாது. நீங்கள் பயப்படாத ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக்கூடாது என்கிற ஒப்பந்தம், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. உச்ச நீதிமன்றம் பலமுறை இதைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் நோட்டீஸ் காலம் முடியும்வரை நீங்கள் இன்னும் ஊழியர்தான். அதுவரை நண்பருக்காக ஒரு மெயில்கூட அனுப்பாதீர்கள். முன்கூட்டியே இயக்குநராகப் பதிவாகிவிட்டால், கம்பெனிகள் விவகார அமைச்சக இணையதளத்தில் யார் தேடினாலும் உங்கள் பெயர் வந்துவிடும்.

இப்போது இரண்டாவது. ‘நான் வீட்டில் உட்கார்ந்து, என் சொந்த லேப்டாப்பில் எழுதிய 340 பதில் டெம்ப்ளேட் என் கூகுள் டிரைவில் இருக்கிறது, அதை வைத்து நண்பரின் பாட்டைப் பழக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வேலையின் பகுதியாக எழுதியது, எந்த லேப்டாப்பில் எழுதினாலும், பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளியின் சொத்து. அதில் பழைய டிக்கெட்டுகளை அப்படியே ஒட்டியிருந்தால் வாடிக்கையாளர்களின் பெயரும் மெயிலும் வேறு இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், தனிநபர் தரவுச் சட்டம் என்று அது வேறு பக்கம் இழுக்கும். உங்களோடு இழப்பீட்டுக்குப் பேரம் பேசும் நிறுவனத்துக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. அதற்காக இரவோடிரவாக அழித்தும் வைக்காதீர்கள், அழித்ததே சந்தேகமாகிவிடும். ‘என் சொந்த டிரைவில் இந்தக் கோப்பு இருக்கிறது, எப்படி ஒப்படைக்க வேண்டும்?’ என்று மேனேஜருக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்துவிட்டு, பிறகு நீக்குங்கள். கோபத்தோடு போனை வைக்கும் நோயாளியிடம் பாட் எங்கே நிறுத்திக்கொண்டு மனிதரைக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமே, அந்த அனுபவம் மட்டும் உங்களுடையது. அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

கடைசியாக, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாமியாருக்கு இரண்டு மாதத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சை, அலுவலக இன்ஷூரன்ஸில். அந்தக் குழுக் காப்பீடு நீங்கள் வேலையிலிருந்து விடுவிக்கப்படும் நாளோடு பொதுவாக முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள். நான் சொன்ன ஹெச்.ஆர். மெயிலை அனுப்புவதற்கு முன் இந்தக் கேள்வியை அனுப்பிவிடுங்கள். ஏனென்றால் கடைசி வேலை நாள் எது என்பதும் நீங்கள் பேரம் பேசக்கூடிய ஒன்றுதான். சிகிச்சை முடிகிற வரை அதைத் தள்ளிக் கேளுங்கள்.